புதிய கட்டடங்களில் எளியவர்களுக்கும் வீடு: உள்ளாட்சி மன்றத்தில் விதி உருவாகும்போது எதைப் படிப்பது, எங்கே பேசுவது?

உள்ளாட்சி மன்றத்தில் இப்படி ஒரு தீர்மானம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: இனிமேல் கட்டப்படும் ஒவ்வொரு பெரிய அடுக்குமாடியிலும் 15 சதவீத வீடுகளைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கோ விலைக்கோ விட வேண்டும். செய்தி வந்த அன்றே ஊர் இரண்டாகிவிடும். 15 போதாது, 25 வேண்டும் என்று ஒரு பக்கம். 15 வைத்தாலே யாரும் கட்ட வரமாட்டார்கள் என்று இன்னொரு பக்கம். வாரக்கணக்கில் அந்த ஓர் எண்ணைச் சுற்றியே பேச்சு ஓடும்.

அந்த எண்ணுக்குப் பின்னால் வரைவில் நாலைந்து பத்திகள் இருக்கும். யாருக்கு வீடு, எத்தனை ஆண்டுக்கு, எந்தக் கட்டடங்களில், வீட்டுக்குப் பதிலாகப் பணம் கட்டிவிட்டுப் போகலாமா என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். ஒரு துப்புரவுப் பணியாளரோ, தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயோ கடைசியில் சாவி வாங்குவாரா இல்லையா என்பது அந்தப் பத்திகளில்தான் முடிவாகிறது. பெரும்பாலோர் அவற்றைப் படிப்பதற்குள் வாக்கெடுப்பே முடிந்துவிடுகிறது. குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர், வாடகைக்குக் குடியிருப்பவர், புதிதாகத் தேர்வான மன்ற உறுப்பினர் யாராக இருந்தாலும், வரைவு வந்த நாளிலிருந்து என்ன செய்யலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. மன்றத்துக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா?

இதை முதலில் பார்த்துவிடுங்கள். உள்ளாட்சி விரும்பினாலும் மேலே உள்ள அரசின் சட்டம் தடுக்கலாம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 1999-இல் இத்தகைய ஒதுக்கீட்டுக்குத் தடை போட்டது. 2016-இல் அதைத் தளர்த்திய பிறகுதான் போர்ட்லாந்து நகரம் விதி கொண்டுவர முடிந்தது. கலிபோர்னியாவில் 2009-இல் வந்த ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு, வாடகை வீடுகளுக்கு ஒதுக்கீடு கேட்கும் நகரங்களின் கையைக் கட்டிப்போட்டது. 2017-இல் மாநிலச் சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றித்தான் அந்தக் கட்டை அவிழ்த்தது.

இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. நியூ ஜெர்சியின் மவுன்ட் லாரல் வழக்கில் 1975-லும் 1983-லும் அந்த மாநில உச்ச நீதிமன்றம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வீட்டில் தன் பங்கை ஒவ்வோர் ஊரும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அங்கே கேள்வி "செய்யலாமா" என்பதல்ல, "எப்படிச் செய்யப்போகிறீர்கள்" என்பதுதான்.

ஆகவே மன்றத்தின் சட்ட அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் இந்த விதி வருகிறது? பதில் தெளிவாக இல்லையென்றால் பின்னால் வழக்கு வரும், விதி பல ஆண்டு கிடப்பில் கிடக்கும்.

2. வரைவை வாங்கி வரிவரியாகப் படியுங்கள்

செய்தித்தாள் சுருக்கம் போதாது. முழு வரைவையும், அதோடு அதிகாரிகள் இணைத்திருக்கும் விளக்கக் குறிப்பையும் வாங்குங்கள். இந்த வேலைக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள் என்று சொல்வேன்.

*யாருக்கு வீடு?*

வரைவில் பெரும்பாலும் "நடு வருமானத்தில் 80 சதவீதம் வரை" என்பது போல ஒரு வரி இருக்கும். நடு வருமானம் என்றால், குடும்பங்களையெல்லாம் வருமான வரிசையில் நிறுத்தும்போது சரியாக நடுவில் வரும் குடும்பத்தின் வருமானம். அந்த வரிசையில் யார் யாரைச் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் இது பெரும்பாலும் பெருநகர வட்டாரம் முழுவதற்கும் கணக்கிடப்படுகிறது. வசதியான புறநகர்களும் அதில் சேர்ந்துகொள்வதால், ஏழைப் பகுதி ஒன்றின் உண்மை நிலையைவிட எண் மிக மேலே நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்த நாட்டுப் பணமானாலும் சரி. வட்டாரத்தின் நடு வருமானம் மாதம் 6,000. அதில் 80 சதவீதம் 4,800. வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்ற வழக்கமான அளவுகோலின்படி வாடகை 1,440. அதே கட்டடத்தில் சந்தை வாடகை 1,600 என்றால் சலுகை வெறும் 160-தான். பெயர் என்னவோ எளியவர்களுக்கான வீடு, மாதம் 2,500 சம்பாதிக்கும் குடும்பத்தால் அதன் பக்கமே போக முடியாது. அவர்களால் தாங்க முடிந்தது 750.

சரி, வரம்பை 50 சதவீதமாகக் குறைத்தால்? வரம்பு 3,000, வாடகை 900. இப்போது அந்தக் குடும்பத்துக்குத் தகுதி வந்துவிட்டது, ஆனால் வாடகை அவர்கள் வருமானத்தில் 36 சதவீதத்தை விழுங்குகிறது. அப்படியானால் 40-க்கு இறக்கலாமா? வரம்பு 2,400. வாடகை 720-ஆகக் குறைந்துவிட்டது, ஆனால் 100 அதிகம் சம்பாதிப்பதால் தகுதியே போய்விட்டது! இந்த இடுக்கில் நிஜமான குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. இதற்குத் தீர்வும் இருக்கிறது. தகுதி வரம்பை ஒரு படியிலும் வாடகைக் கணக்கை அதற்குக் கீழ்ப்படியிலும் வைக்கலாம்: 50 சதவீதம் வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம், வாடகை மட்டும் 40 சதவீத அடிப்படையில். ஒரே வரித் திருத்தம். ஆனால் யாராவது எழுந்து கேட்டால்தான் வரும்.

நியூயார்க் நகரம் 2016-இல் கொண்டுவந்த கட்டாய ஒதுக்கீட்டு விதி இந்தப் பேரத்தை வெளிப்படையாக வைத்தது. அதில் ஒரு தெரிவின்படி 25 சதவீதப் பங்கு, சராசரியாக நடு வருமானத்தில் 60 சதவீதம் உள்ளவர்களுக்கு. இன்னொன்றில் 30 சதவீதப் பங்கு, 80 சதவீத வருமானத்துக்கு. இன்னும் கீழே இறங்க வேண்டுமென்றால் 20 சதவீதப் பங்கு, 40 சதவீத வருமானத்துக்கு. பங்கு ஏறினால் வாடகையும் மேலே போகிறது, வாடகை இறங்கினால் வீடுகளின் எண்ணிக்கை குறைகிறது. "எனக்கு 30 வேண்டும்" என்று மட்டும் கூவுகிறவர், தன்னையறியாமல் அதிக வாடகையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

சந்தை வாடகையோடு முடிச்சுப் போடும் வரைவுகளிலும் எச்சரிக்கை தேவை. இங்கிலாந்தில் 2011-இல் அறிமுகமான "கட்டுப்படியாகும் வாடகை" என்ற வகை, சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை போகலாம். லண்டன் போன்ற இடத்தில் அது பலருக்குக் கட்டுப்படியாகவே இல்லை. வாடகையை வருமானத்தோடு கட்டச் சொல்லுங்கள்.

*எத்தனை ஆண்டுக்கு?*

அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள மான்ட்கோமரி கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) 1974-இலிருந்து இந்த விதியை நடத்திவருகிறது. உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகப் பேசப்படும் இடம். ஆனால் தொடக்கத்தில் விலைக் கட்டுப்பாடு 5 ஆண்டுதான், அப்புறம் 10 ஆக்கினார்கள். காலம் முடிந்ததும் ஆயிரக்கணக்கான வீடுகள் சாதாரணச் சந்தைக்குள் கலந்துபோயின. பிறகு 2005-இல்தான் விற்பனை வீட்டுக்கு 30 ஆண்டு, வாடகை வீட்டுக்கு 99 ஆண்டு என்று நீட்டினார்கள். இந்த அனுபவம் கண்ணெதிரே இருக்கும்போது 10, 15 ஆண்டு என்று வரும் வரைவை ஏற்க எந்தக் காரணமும் இல்லை. கட்டடம் நிற்கும் காலம்வரை என்று கேளுங்கள். விற்பனை வீடானால், மறுவிற்பனை விலை எந்தச் சூத்திரப்படி என்பதையும் கேளுங்கள். வாங்கிய குடும்பத்துக்கு ஓரளவு ஆதாயம் கிடைக்க வேண்டும், அடுத்த குடும்பத்துக்கும் எட்ட வேண்டும்.

*எந்தக் கட்டடங்களுக்கு?*

போர்ட்லாந்தில் 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதி, 20 வீடும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கானது. 20-க்குச் சற்றுக் கீழே நிற்கும் திட்டங்கள் வரத் தொடங்கின. எந்த இடத்தில் கோடு போட்டாலும் அதன் ஓரத்தில் கூட்டம் சேரும். அதனால் சிறிய கட்டடங்களுக்குச் சிறு கட்டணம், பெரியவற்றுக்கு வீடு என்று படிப்படியாக ஏறும் அமைப்பைக் கேட்கலாம். ஒரே மனையை இரண்டாகப் பிரித்து இரண்டு விண்ணப்பம் போட்டால் ஒன்றாகவே கணக்கிடப்படும் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். 30 வீட்டில் 15 சதவீதம் நாலரை. அரையை மேலே முழுமையாக்குவதா, கீழே விடுவதா, பணமாக வாங்குவதா என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

*வீட்டுக்குப் பதில் பணமா?*

என்னைக் கேட்டால் வரைவிலேயே அதிகம் கவனிக்க வேண்டிய பத்தி இது. ஒரு 100 வீட்டுக் கட்டடத்தில் 15 வீடு ஒதுக்க வேண்டும். சந்தையில் ஒரு வீடு 30 லட்சம், ஒதுக்கீட்டு விலை 18 லட்சம். வித்தியாசம் 12 லட்சம், 15 வீட்டுக்கு 1 கோடியே 80 லட்சம். மாற்றுக் கட்டணம் வீட்டுக்கு 5 லட்சம் என்று வரைவு சொன்னால், 75 லட்சம் கட்டிவிட்டு பில்டர் 1 கோடியே 5 லட்சம் மிச்சம் பிடிப்பார். அவர் அந்தப் பணத்தைக் கட்டாமல் விடுவாரா? கட்டணம் அந்த வித்தியாசத்துக்கு நிகராக இருந்தால்தான் வீடு உண்மையில் எழும்பும். கட்டணம் ஆண்டுதோறும் கட்டுமானச் செலவோடு ஏறவும் வேண்டும்.

பணம் வாங்குவதே தவறென்று சொல்லவில்லை. லாபநோக்கில்லாத அமைப்புகள் அந்தப் பணத்தோடு மானியமும் சேர்த்து, அதிக வீடுகளை மிகக் குறைந்த வாடகைக்குக் கட்டிய ஊர்கள் உண்டு. ஆனால் நிலம் எங்கே கிடைக்கும்? விலை மலிவான இடத்தில்தான். நியூ ஜெர்சியில் 1985-இன் சட்டம், வசதியான ஊர்கள் தங்கள் கடமையில் பாதிவரை பணம் கொடுத்து வேறு ஊருக்குத் தள்ளிவிட வழிசெய்தது. நல்ல பள்ளிகளும் வேலைகளும் இருந்த ஊர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டன. 2008-இல்தான் அந்த ஏற்பாட்டை நீக்கினார்கள். கட்டணம் அனுமதிக்கப்பட்டால், அது எந்தக் கணக்கில் சேரும், எத்தனை ஆண்டுக்குள் செலவழிக்க வேண்டும், எந்தப் பகுதிக்குள் கட்ட வேண்டும் என்ற மூன்றும் விதியிலேயே இருக்க வேண்டும்.

*ஒரே கட்டடம், ஒரே வாசல்*

2019-இல் லண்டனில் ஒரு குடியிருப்பில் சமூக வீடுகளில் (குறைந்த வாடகைக்கு ஒதுக்கப்பட்டவை) வசித்த பிள்ளைகள், அதே வளாகத்தின் விளையாட்டு இடத்துக்குள் போக முடியாதபடி வேலி வைக்கப்பட்டிருந்தது வெளியே வந்து பெரும் கோபத்தைக் கிளப்பியது. அப்புறம்தான் அந்தத் தடை நீங்கியது. நியூயார்க்கில் ஏழைகளுக்குத் தனி வாசல் வைத்த கட்டடம் பேசுபொருளாகி, 2015-இல் மாநிலச் சட்டமே மாறியது. ஆகவே வாசல், லிஃப்ட், விளையாட்டு இடம், மொட்டைமாடி எல்லாம் பொது என்று விதியில் எழுதச் சொல்லுங்கள். ஒதுக்கீட்டு வீடுகள் எல்லாத் தளங்களிலும் கலந்திருக்க வேண்டும். எல்லாமே ஒற்றை அறை வீடுகளாகத் தந்துவிட்டால் குடும்பங்களுக்கு இடமில்லை, எனவே படுக்கையறைக் கலவையும் மற்ற வீடுகளின் விகிதத்திலேயே இருக்கட்டும். பராமரிப்புக் கட்டணத்தை மறந்துவிடாதீர்கள். வாடகை கட்டுக்குள் இருந்தும், நீச்சல் குளத்துக்கான மாதக் கட்டணம் ஏறி ஏறி ஒரு குடும்பத்தை வெளியே தள்ளிவிடும்.

3. கட்டுபவரின் கணக்கையும் படியுங்கள்

எளியவர்கள் பக்கம் நிற்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவதைப் பார்க்கிறேன். தாண்டக் கூடாது. கட்டப்படாத கட்டடத்தின் 25 சதவீதத்தில் ஒருவரும் குடியிருக்க முடியாது.

சான் பிரான்சிஸ்கோவில் 2016-இல் வாக்காளர்கள் பெரிய கட்டடங்களுக்கான பங்கை 12-இலிருந்து 25 சதவீதமாக உயர்த்தினார்கள். அடுத்த ஆண்டே ஆய்வும் நீண்ட பேச்சுவார்த்தையும் நடந்து, வாடகைக் கட்டடத்துக்கு 18, விற்பனைக்கு 20 என்று மாறியது. 2023-இல் வட்டியும் கட்டுமானச் செலவும் ஏறிக் கட்டுமானம் ஏறக்குறைய நின்றுபோன நிலையில் பங்கை மேலும் குறைத்தார்கள். 25 என்ற எண் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது, நிலைக்கவில்லை.

அடிப்படைக் கணக்கு இதுதான். கட்டி முடித்தால் கிடைக்கும் மொத்த மதிப்பிலிருந்து கட்டுமானச் செலவு, வட்டி, பில்டரின் லாபம் ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நிலத்துக்குக் கொடுக்கக்கூடிய விலை. ஒதுக்கீடு வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், நிலம் வாங்கும்போதே விலையைக் குறைத்துக் கேட்பார்கள். சுமையின் பெரும் பகுதி நில உரிமையாளர்மேல் போகும். ஏற்கெனவே அதிக விலை கொடுத்து நிலம் வாங்கியவருக்கு நிஜமாகவே இடிக்கும். நில உரிமையாளரும் விலை இறங்கச் சம்மதிக்காமல் காத்திருக்கலாம். வியன்னா நகரம் இந்த முடிச்சை நேரடியாகத் தொட்டது: 2018-இல் கட்டட விதியைத் திருத்தி, பெரிய அளவில் குடியிருப்பாக மாற்றப்படும் நிலங்களில் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடுகளாக இருக்க வேண்டும் என்றதோடு, அந்தப் பங்குக்கான நில விலைக்கும் உச்சவரம்பு வைத்தது.

மன்றம் ஒரு சாத்தியக்கூறு ஆய்வு (இந்த ஒதுக்கீட்டோடு கட்டுவது பில்டருக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்க்கும் கணக்கு) செய்திருந்தால் அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். நில விலையை எங்கிருந்து எடுத்தார்கள்? இப்போதைய பயன்பாட்டுக்கான விலையா, பில்டர் எதிர்பார்த்த விலையா? லாபத்துக்கு எத்தனை சதவீதம் வைத்தார்கள்? வாடகை, வட்டி எண்கள் எந்த ஆண்டினுடையவை? ஆய்வு ரகசியம் என்று சொன்னால் விடாதீர்கள். இங்கிலாந்தில் இத்தகைய கணக்குகள் பல ஆண்டு மூடிவைக்கப்பட்டு, அவற்றைக் காட்டியே பங்கு குறைக்கப்பட்டது. லண்டன் மேயர் 2017-இல் வேறு வழி எடுத்தார்: 35 சதவீதம் தருபவருக்குக் கணக்குப் பரிசோதனையே வேண்டாம், வேகமான பாதை. பொது நிலமானால் 50. குறைவாகத் தருகிறேன் என்பவர் கணக்கைத் திறந்து வைக்க வேண்டும். சர்ச்சை செய்யும் நேரம் மிச்சமாகும் இந்த யோசனையை எந்த மன்றமும் பரிசீலிக்கலாம்.

கூடவே, பில்டருக்கு என்ன கொடுக்கலாம் என்பதையும் நீங்களே முன்வையுங்கள். கூடுதல் தளம், குறைந்த பார்க்கிங் கட்டாயம், குறித்த காலத்துக்குள் அனுமதி, வரிச்சலுகை. மான்ட்கோமரியில் தொடக்கத்திலிருந்தே கூடுதல் வீடுகள் கட்ட அனுமதி தந்தார்கள். அந்த விதி இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

4. மன்ற நடைமுறையில் எங்கே நுழைவது?

பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான்: அதிகாரிகளின் வரைவு, திட்டக் குழு, பொதுக் கருத்துக்கேட்பு, மன்றத்தில் விவாதமும் திருத்தமும், வாக்கெடுப்பு. கூட்டம் அலைமோதுவது கருத்துக்கேட்பில். ஆனால் அதற்குள் பெரும்பாலான உறுப்பினர்கள் மனத்தை முடிவு செய்திருப்பார்கள். அதிகாரிகள் வரைவு எழுதும்போதும் குழு கூடும்போதும் போனால் ஒரு வாக்கியத்தை மாற்ற முடியும், கூட்டம் இல்லாததால் நீங்கள் சொல்வதைக் கேட்க அவர்களுக்கு நேரமும் இருக்கும். கூட்ட அறிவிப்புகளுக்குப் பதிவு செய்துகொண்டு, கோப்பைக் கையாளும் அதிகாரி யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உறுப்பினர்களைத் தனித்தனியாகச் சந்தியுங்கள். ஏற்கெனவே ஆதரிப்பவரிடம் அரைமணி நேரம் போக்குவதைவிட, இரண்டு மனத்தில் இருப்பவரிடம் போங்கள். "ஆதரவு தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் தலையாட்டல்தான் கிடைக்கும். "4-ஆம் பிரிவில் '15 ஆண்டு' என்பதைக் 'கட்டடம் நிற்கும் காலம்' என்று மாற்றும் திருத்தத்தை நீங்கள் முன்மொழிவீர்களா?" என்று எழுதிய காகிதத்தோடு கேளுங்கள். லாபநோக்கில்லாத வீடு கட்டும் அமைப்புகள், தொழிற்சங்கங்கள், பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் ஆள் எடுக்கத் திணறும் நிர்வாகிகள் என உங்களோடு நிற்கக்கூடியவர்கள் பலர் இருப்பார்கள். ஒதுக்கீடு இருந்தாலும் தங்கள் கணக்குக்கு ஒத்துவரும் விதியை எதிர்பார்க்கும் பில்டர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் மேடையேறினால் அதன் எடை தனி.

5. கருத்துக்கேட்பில் பேசும்போது

இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். யார் நீங்கள், வரைவின் எந்த வரி, அது உங்களை என்ன செய்யும், எப்படி மாற்ற வேண்டும். இவ்வளவுதான். இப்படிப் பேசலாம்:

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே. நான் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்த விதியை ஆதரிக்கிறேன். ஆனால் 3-ஆம் பிரிவில் 80 சதவீத வருமானம் என்று இருக்கிறது. அந்தக் கணக்குப்படி வரும் வாடகை என் சம்பளத்தில் பாதிக்கு மேல். பங்கை 15-இலிருந்து 12-ஆகக் குறைத்தாலும் பரவாயில்லை, அதில் பாதியை 50 சதவீத வருமானக்காரர்களுக்கு வையுங்கள். என்னோடு வேலை செய்கிறவர்கள் இரவு ஷிஃப்ட் முடித்து இந்த ஊரிலேயே தூங்க முடியும்."

எதிர்ப்புக் குரல்களுக்கு மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். "பில்டர்கள் ஓடிவிடுவார்கள்" என்ற வாதத்தில் உண்மை கலந்திருக்கிறது, அதற்கான பதில் 3-ஆம் கட்டத்தில் பார்த்த கணக்கு. "மற்ற வீடு வாங்குபவர்கள் தலையில் விழும்" என்றால், சந்தை கொடுக்கத் தயாராக இருக்கும் விலைக்கு மேல் பில்டரால் விற்க முடியாது என்று சொல்லலாம். ஆனால் கட்டுமானமே குறைந்தால் எல்லா வீடும் விலை ஏறும் என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். "அந்த மாதிரி ஆட்கள் வருவார்கள்" என்று யாராவது சொன்னால் கத்த வேண்டாம். ஏற்கெனவே அந்த ஊரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர்கள், முதியவர்களைக் குளிப்பாட்டிவிடுபவர்கள், பேருந்து ஓட்டுபவர்கள் யார் யார் என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

6. வாக்கெடுப்புக்கு முந்தைய நாட்கள்

இப்போது பார்க்க வேண்டியது அமலாகும் தேதி. போர்ட்லாந்தில் விதி நடைமுறைக்கு வருமுன் பழைய விதிப்படி அனுமதி பெற விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. நியாயமான அவகாசம் தேவைதான், நிலம் வாங்கியவர் ஏமாறக் கூடாது. ஆனால் பழைய விதியின்படி விண்ணப்பித்தவர் குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் அந்தச் சலுகை போய்விடும் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். கடைசிக் கூட்டத்தில் இரவு நேரத்தில் திருத்தங்கள் வரும். முடிந்தால் இருவர் கடைசிவரை உட்கார்ந்திருங்கள், ஒவ்வொரு திருத்தத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். "சிறு சொல் மாற்றம்" என்று அறிவிக்கப்படுவதை இரண்டு முறை படியுங்கள்.

7. நிறைவேறிய பிறகு

யார் கண்காணிப்பது? இதற்கு ஓர் அதிகாரியும் அவருக்குச் சம்பளமும் ஒதுக்கப்படவில்லை என்றால் விதி காகிதத்தில் இருக்கும். ஆண்டு அறிக்கையில் எத்தனை வீடு அனுமதி பெற்றது, எத்தனை கட்டி முடிந்தது, யாருக்குப் போனது, கட்டணக் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்று வர வேண்டும். ஒதுக்கீட்டு வீட்டைப் பெற்றவர் அங்கேயே குடியிருக்கிறாரா, கூடுதல் வாடகைக்கு வேறொருவருக்கு விட்டுவிட்டாரா என்று பார்க்கவும் ஏற்பாடு வேண்டும்.

விண்ணப்பம் எளிமையாக இருக்கிறதா பாருங்கள். பல மொழிகளில் இருக்க வேண்டும், கணினி இல்லாதவரும் போட முடிய வேண்டும். குலுக்கல் முறையானால் அதைப் பொதுவில் நடத்த வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாமல் கூலி வேலை செய்பவர் வருமானத்தை எப்படிக் காட்டுவது என்று விளக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் யாருக்காக இவ்வளவும் செய்தோமோ அவர்கள் வரிசைக்கே வரமாட்டார்கள்.

மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எண்களை மறுபரிசீலனை செய்யும் பிரிவையும் விதிக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். மறுபரிசீலனைக்குப் புதிய ஆய்வும் பொதுக் கருத்துக்கேட்பும் கட்டாயம் என்று இருக்கட்டும். அந்தத் தேதியை இப்போதே குறித்துவைத்து, அதற்கு ஆறு மாதம் முன்பு ஆண்டு அறிக்கைகளையெல்லாம் கேட்டு வாங்குங்கள்.